சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னச் சுற்றுலா ஏஜென்சி. புடவைக் கடைக்கு மேலே மாடியறை. அங்கே தொலைபேசிக்குப் பதில் சொல்லியே தலை நரைத்தவள் ஜெரால்டின்.

"தாமான் நெகாராவுக்கா? நவம்பர்ல போகாதீங்க அங்கிள். மழைக்காலம், போட் ஓடாது, பாதி ரிசார்ட் சாத்திக் கெடக்கும். மார்ச் பொறந்ததும் கூப்பிடுங்க, நானே புக் பண்ணித் தரேன்."

இப்படி எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாளோ. அவள் மட்டும் தாமான் நெகாரா என்ற அந்தக் காட்டைப் பார்த்ததில்லை. ஏஜென்சியில் வேலை செய்பவர்களுக்கு டூரில் இலவச இடம் உண்டுதான். ஆனால் மழைக்காலத்தில்தான் இடம் காலியாகும். சீசனில் அவளால் மேசையை விட்டு எழுந்திருக்கவே முடியாது. "ரிட்டயர் ஆனதும் போவோம், ஜெரி" என்பான் கணவன் லியனார்ட். அவன் கிள்ளானில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். பிள்ளைகள் இல்லை. ஞாயிறு சர்ச் பூசை, பூசை முடிந்து தோசை, சாயந்திரம் டி.வி. என்று இருவரும் ஒருவருக்கொருவர் போதுமென்று வாழ்ந்தார்கள்.

அவள் ரிட்டயர் ஆகும் முன்பே சிறுநீரகங்கள் ரிட்டயர் ஆகிவிட்டன. சர்க்கரை தின்று தீர்த்துவிட்டது. வேலையை விட்டாள். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சனிக்கிழமை மதியம் மெஷினை விட்டு இறங்கினால் செவ்வாய்க் காலை வரைக்கும் அவளுக்குச் சுதந்திரம். அந்த இடைவெளிக்குள் ஒரு காட்டைத் திணிக்க முடியுமா என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள்.

"போங்க ஆன்டி, மனசுக்கு நல்லதுதான்" என்றாள் டயாலிசிஸ் சென்டர் நர்ஸ் ஷாமினி. "ஆனா செவ்வாய்க் கெழம மட்டும் மிஸ் பண்ணிடாதீங்க. தண்ணி நுரையீரலுக்கு ஏறிடும். அப்புறம் நாங்க ஒண்ணும் செய்ய முடியாது."

மழைக்காலம் முடியட்டும் என்று மார்ச் வரை பொறுத்தாள். மார்ச்சில் போகும் வழியில் மலைச்சரிவு இடிந்து ரோட்டில் விழுந்தது. சுற்றுப்பாதை செம்பனைத் தோட்டங்களுக்குள் வளைந்து போனது. லோரி சேற்றில் புதைந்து நின்றால் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். காட்டுக்குப் பக்கத்து ஊரில் ஒரு டயாலிசிஸ் சென்டருக்குப் போன் போட்டுச் செவ்வாய்க்கு இடம் கேட்டாள். வெளியாளுக்கு இடமே இல்லை என்றார்கள். ரோடு சீராவதற்குள் டயாலிசிஸ் ஊசி ஏற்றும் அவள் கை நரம்பில் அடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். எழுந்து வந்தபோது நவம்பர். லியனார்டுக்குத் தெரியாமல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறு வருஷம் மழை ஓய்ந்தது. இடிந்த இடத்தில் ஒற்றை வழி திறந்துவிட்டார்கள். இருட்டினால் அதையும் மூடிவிடுவார்கள். ஜெரால்டின் தன் பழைய வேலையைத் தனக்காகச் செய்தாள். சனிக்கிழமை மெஷினை விட்டு இறங்கியதும் புறப்பட்டு, காட்டுக்கு முந்தைய ஊரான ஜெராண்டுட்டில் தங்குவது. ஞாயிறு காலை ஆற்றைத் தாண்டிக் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடப்பது. திங்கள் வெளிச்சத்திலேயே வீடு.

போனார்கள். ஒற்றை வழியில் கார்கள் வரிசை கட்டி நின்றன. வெயிலில் நாக்கு வறண்டது. தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்பதால் பிளாஸ்க்கிலிருந்து ஐஸ்கட்டி எடுத்து வாயில் அடக்கிக்கொண்டாள். ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு களை. கல்யாணமான புதிதில் பார்த்த முகம் என்று லியனார்ட் நினைத்துக்கொண்டான்.

ஞாயிறு காலை, காட்டின் வாசலான கோலா தஹானில் ஆற்றங்கரையில் நின்றார்கள். மேலே எங்கோ இரவெல்லாம் மழை பெய்திருக்கிறது. ஆறு பால் தேநீரான தே தாரிக் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. எதிர்க்கரையில் படிக்கட்டு, அதற்கு மேலே காடு. குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்.

"ஆயிர் நாயிக், கக்" என்றான் மலாய்ப் படகுக்காரன். தண்ணீர் ஏறுகிறது அக்கா, கொண்டுபோய் விடுவேன், திரும்பக் கொண்டுவர முடியுமா என்று என்னால் சொல்ல முடியாது என்றான்.

அதே நேரம் லியனார்டின் போன் அடித்தது. தங்கிய ஹோட்டலின் ஆள். திரும்பும் வழியில் பள்ளமான இடத்தில் தண்ணீர் ரோட்டை நெருங்கிவிட்டது, போலீஸ் அடைத்தாலும் அடைக்கும் என்றான்.

ஜெரால்டின் படகுத்துறை மிதவையில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

"ரெண்டு நிமிஷம்தாங்க. அந்தப் பக்கம் கால வச்சிட்டு வந்துடறேன்."

"ரோட்ட அடைச்சிட்டான்னா? செவ்வாய்க் கெழம நீ எங்க போவ, ஜெரி?"

அவள் மிதவையிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள். நடந்து போய்க் காரில் உட்கார்ந்தாள்.

ரோட்டை யாரும் அடைக்கவில்லை. பள்ளத்தில் தண்ணீர் ஓரத்தோடு நின்றுவிட்டிருந்தது. ஜெராண்டுட் வருவதற்குள் வெயில் பளீரென்று அடித்தது. லியனார்ட் காரை ஓரமாக நிறுத்தினான்.

"திரும்பிடலாமா? இன்னும் டைம் இருக்கு லா."

"ஆறு வடிய நாளாகும்" என்றாள் அவள், போனில் பேசும் அதே குரலில். "வீட்டுக்குப் போங்க."

இருட்டுவதற்குள் வீடு வந்துவிட்டார்கள். செவ்வாய்க்கு நிறைய நேரம் மிச்சமிருந்தது. திங்கள் முழுக்க அவள் கட்டிலை விட்டு எழவில்லை.

அந்த வருஷமே அவளுடைய இருதயம் பலவீனப்பட்டது. சனி முதல் செவ்வாய் வரை இவ்வளவு பெரிய இடைவெளி இனி ஆகாது என்று டாக்டர் திங்கட்கிழமையும் ஒரு டயாலிசிஸ் சேர்த்தார். எத்தனை நாளைக்கு என்று லியனார்ட் கேட்டான். டாக்டர் மருந்துச் சீட்டை எழுதி ஜெரால்டினிடம் நீட்டினார். வெளியே வந்ததும் ஜெரால்டின் மருந்துச் சீட்டை அவனிடம் கொடுத்துவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தாள்.

முதல் திங்கட்கிழமை. ஷாமினி ஊசி ஏற்றிவிட்டுப் போனாள். லியனார்ட் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அன்னிக்கு நான் தடுத்திருக்கக் கூடாது" என்றான்.

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க" என்றாள் அவள். "அதான் தாங்க முடியல."

பிறகு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் அவள் காலைப் பிடித்துவிடக் கை நீட்டினான். அவள் காலை மடக்கிக்கொண்டாள்.