பெருநாளுக்குக் கழுவிய மீன்தொட்டி

கோட்டைப்பட்டினத்தில் கடலை விட்டுவிட்டுக் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்க ஆசைப்பட்ட ஒரே ஆள் என் கணவராகத்தான் இருக்கும். குவைத்திலிருந்து லீவில் வந்தவர், ஆறு கோல்டு ஃபிஷ் வாங்கிவந்து கூடத்தில் வைத்தார். அவருடைய அம்மா, என் மாமி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கொழம்புக்கு ஆவாத மீனுக்கா இம்புட்டு பவுசு?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமி இப்போது இல்லை. குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டாலே அவர் ஞாபகம்தான் வருகிறது.

லீவு முடிந்து கிளம்பும்போது மச்சான், அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், எனக்குப் பாடம் நடத்தினார். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் இருக்கும், அண்டாவில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். தொட்டியில் கால்வாசிதான் மாற்ற வேண்டும். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலச வேண்டும். "தண்ணி நல்லாருந்தா மீனு தன்னால நல்லாருக்கும்" என்றார். அப்படியே செய்துவந்தேன். ஆனாலும் வீடியோ காலில் முதலில் மீனைத்தான் விசாரிப்பார். "நானும் இங்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான்" என்று கடுகடுப்பேன். மாமியோ நான் பார்க்காத நேரத்தில் இடியாப்பத்தைக் கிள்ளிப் போட்டு மீன்களோடு பேசிக்கொண்டிருப்பார்.

பெருநாள் வந்தது. எங்கள் பக்கம் பெருநாளுக்கு முன்னால் வீட்டில் கழுவாத சாமான் எதுவும் மிஞ்சாது. இரண்டு நாள் முன்பு குழாயில் தண்ணீர் வர, எனக்கு வேகம் பிறந்துவிட்டது. மச்சான் பெருநாள் காலையில் கூப்பிடுவார், தொட்டி பளபளக்க வேண்டாமா? மீன்களை வாளியில் விட்டேன். கல்லையும் ஸ்பாஞ்சையும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். குழாயிலிருந்து நேரே டியூப் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து கொண்டிருந்தன. இரண்டு செத்து மிதந்தன. தண்ணீரில் ஒரு இடியாப்ப இழை கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"ஒங்க கைய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா மாமி? கொன்னுட்டீங்களே!"

மாமி கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் அறந்தாங்கியில் மீன் வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில்தான் பேசினேன்.

"தண்ணி முழுசா மாத்துனீங்களா? ஸ்பாஞ்ச எதுல கழுவுனீங்க?"

சொன்னேன்.

"அடடா, என்னங்க இப்புடிப் பண்ணிட்டீங்க! ஸ்பாஞ்சுல இருக்க வழவழப்பு அழுக்கு இல்லைங்க. மீனோட கழிவ முறிக்கிற கிருமி அது. அதக் கொன்னுட்டு, பிளீச்சிங் தண்ணியையும் ஊத்தியிருக்கீங்க."

பிறகு கடைக்காரர் சொன்னபடி, முந்தின வாரம் குடங்களில் பிடித்து வைத்திருந்த தண்ணீருக்கு மீன்களை மாற்றினேன். கொஞ்சம் கல்லுப்பு போட்டு, காற்று மோட்டாரை ஓடவிட்டு, இரையை நிறுத்தினேன். பெருநாள் விடிந்தபோது ஒன்றே ஒன்றுதான் உயிரோடு இருந்தது.

மச்சான் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி போனை வாங்கிவிட்டார். "தம்பி, நாந்தான் இடியாப்பத்தப் போட்டுக் கெடுத்துட்டேன். இந்தப் புள்ள பாவம், தொட்டியக் கட்டிக்கிட்டு அழுவுது. அவளத் திட்டாத."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் மச்சான் அம்மாவிடம் பேசவில்லை. போனைக் கொடுக்கவா என்று கேட்டால் வேலை இருக்கிறது என்பார். போன் அடிக்கும்போதெல்லாம் மாமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். பத்தாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. கொல்லையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"மாமி, மீனு செத்தது ஒங்களால இல்ல. நாந்தான் சோப்புப் போட்டுக் கழுவிக் கொன்னேன்."

"தெரியும்புள்ள. கடக்காரத் தம்பி போன்ல சொன்னது எங்காதுலயும் விழுந்துச்சு."

"தெரிஞ்சுமா பழியத் தூக்கிப் போட்டுக்கிட்டீங்க?"

"நல்ல நாளும் அதுவுமா அவன் ஒங்கிட்டக் கோவிச்சிக்கிட்டா நல்லாவா இருக்கும்? நான் பெத்தவ. ரெண்டு நாளு கோவிச்சிக்கிட்டு தன்னால பேசிருவான்னு நெனச்சேன்." ஆய்ந்த மீனையே திரும்ப எடுத்து ஆய்ந்தார். "பத்து நாளாயிருச்சு."

அன்று மத்தியானம் மச்சான் கூப்பிட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வசவு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன். அவர் திட்டவில்லை.

"அம்மாட்ட குடு" என்றார்.

மாமி போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"சாப்புட்டியா தம்பி?" என்றார்.