தேவசுந்தரத்தின் பெட்டியில் ஒன்றுமில்லை

வளைகுடாப் பாலைவனத்து ருவைஸுக்கு வெளியே, ஆலைக் காண்ட்ராக்டரின் கேம்ப்பில், தேவசுந்தரத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உலவின. ஏசி ரிப்பேரில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது ஒன்று. அவருக்கு எங்கேயோ ஒரு நட்டு கழன்றுவிட்டது என்பது மற்றொன்று. இரண்டையும் சொன்னவர்கள் ஒரே ஆட்கள்தான். ஏசி நின்றுபோன நாளில் முதலாவதைச் சொன்னார்கள், ஓடுகிற நாளில் இரண்டாவதை.

இரண்டாவது அபிப்பிராயத்துக்குக் காரணம், அவர் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இரும்பு ஸ்டாண்டில் நின்ற ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே மண், பாசி, ஒரு மணி பிளாண்ட், நான்கைந்து பெரணிச் செடி, குச்சிகள், உதிர்ந்த இலைகள். பார்க்க வந்தவர்கள் முதலில் மரியாதைக்குக் குனிந்து பார்ப்பார்கள். பிறகு கண்ணாடியைத் தட்டுவார்கள். பிறகு தேவசுந்தரத்தைப் பார்ப்பார்கள்.

"நாலு பச்சோந்தி கெடக்கு" என்பார் அவர்.

"எங்க?"

"அதுக்குள்ளதான்."

"ஒண்ணும் இல்லியேண்ணே!"

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும், சொந்தப் பிள்ளையை எவனோ 'அப்படி ஒரு பிள்ளையே உனக்கு இல்லை' என்று சொன்னதுபோல அவர் முகம் சுருங்கும்.

பச்சோந்தி என்றதும் நம் ஆட்களுக்குக் கட்சி விட்டுக் கட்சி தாவுகிறவர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். இவை அந்த ஜாதியில்லை. குட்டைப் பச்சோந்தி. ஆப்பிரிக்கக் காட்டின் தரையில் கிடக்கும் சருகுக்குள் குடியிருப்பவை. வளர்ந்த ஆளே சுண்டுவிரல் நீளம்தான். முதுகில் இலை நரம்பு மாதிரி கோடு, இலைக்காம்பு மாதிரி குட்டை வால். நிறம் மாறுமா என்று கேட்டால் மாறும்: பழுப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் பழுப்புக்கு. கொள்கையில் அவ்வளவு உறுதி.

தேவசுந்தரம் அவற்றைத் தேடிப் போனவரல்ல. குமரி மாவட்டக் கடற்கரைக்காரர். மீனைத் தவிர வேறெந்த ஜீவராசியிடமும் அக்கறை காட்டாமல் நாற்பது வயது வரை நிம்மதியாக இருந்தவர். அறைவாசி லிஜோவுக்குக் காதல் பறவைகள் வாங்க ஆசை வந்தது. அவனுக்குத் துணையாக ஷார்ஜா பறவைச் சந்தைக்குப் போனார். ஒரு கடையில் பெரிய பச்சோந்திகள் வந்திறங்கிய பெட்டியைக் கடைக்காரர் குப்பையில் கவிழ்க்கப் போனார். அடியில் கிடந்த சருகுகளில் ஒன்று தேவசுந்தரத்தைப் பார்த்தது. ஒரு கண்ணால் அவரை. மறு கண்ணால் குப்பைத் தொட்டியை.

அவர் அதைக் கையில் எடுத்து விரல்களை மூடினார். உள்ளங்கைக்குள் அது கிர்ரென்று அதிர்ந்தது, சைலண்ட் மோடில் போட்ட மொபைல் போல. "லிஜோ, இதுக்கு கால் வருதுலே!" என்று கத்தினார். லிஜோ பறவை வாங்காமல் திரும்பினான். மிச்சக் குப்பையையும் கிளறி, தேவசுந்தரம் நாலு சருகுகளோடு திரும்பினார்.

ஆரம்பத்தில் அவர் செய்யாத தப்பில்லை. பாலைவன ஊரில் வாழப்போகிற பிராணி என்று மணலைப் பரப்பினார். அவை கண்ணை மூடிக்கொண்டு வேலை நிறுத்தம் செய்தன. மேலே கண்ணாடியை இறுக்கி மூடினார். உள்ளே ஒரே ஆவிமூட்டம். கடைசியில் இன்டர்நெட் கஃபேயில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒரு ஜெர்மன்காரரிடம் தம் ஒப்பந்தத் தொழிலாளி இங்கிலீஷில் சண்டை போட்டுப் போட்டு விஷயத்தைக் கறந்தார். மேலே வலை, தரையில் தேங்காய் நார்த்தூள், காலையும் மாலையும் தண்ணீர்த் தூவல். ஊரில் கயிறு ஆலைக்கு வெளியே மலையாகக் கிடக்கும் நார்த்தூளை, செங்கல் மாதிரி அழுத்தி, கலர் பேப்பர் சுற்றி விற்றார்கள். 'மேட் இன் இந்தியா' என்று அதில் படித்தபோது அவருக்குக் கோபம் வந்ததா பெருமை வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. வாங்கிவிட்டார்.

தண்ணீர் மட்டும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துத் தூவினார். கண்ணாடியில் உப்புக் கறை படியவில்லை. தீனிக்கு, மெஸ் வாழைப்பழத் தோலில் மொய்க்கும் கொசு ஈக்கள். கூடவே ஒரு பால்பவுடர் டின்னில் சிள்வண்டு வளர்ப்பு, அதன் குஞ்சுகளுக்காக. பெரிய சிள்வண்டுகள் பொழுதெல்லாம் பாட, கரூர்ப் பக்கத்து இன்னொரு அறைவாசி பழனிச்சாமி தலையணையால் காதைப் பொத்திக்கொண்டான்.

"இந்தச் சத்தத்துல இருந்து தப்பிக்கோணும்னுதானுங்ண்ணா நான் விசாவே எடுத்தேன்!"

வீட்டிலும் மரியாதை இல்லை. மொபைலில் எடுத்த போட்டோவை நெட் கஃபேயிலிருந்து மச்சினன் மெயிலுக்கு அனுப்பியிருந்தார். மனைவி அருள்செல்வி போனில் கேட்டாள்: "வெறும் குப்பையைப் போட்டோ புடிச்சு அனுப்பியிருக்கிய. சுகமாத்தானே இருக்கிய? டாக்டரப் பாத்தியளா?"

"எளவே, நடுவுல நிக்குது பாருட்டீ!"

"நான் நடுவுலதான் பாத்தேன்."

சரி, இத்தனை பேச்சுக்கும் நடுவே பெட்டி எப்படி அறையில் நீடித்தது? கேம்ப் விதிப்படி அறையில் சமைக்கக் கூடாது, பிராணி வளர்க்கக் கூடாது. பழனிச்சாமியும் லிஜோவும் கரண்ட் அடுப்பு வைத்திருந்தார்கள். தேவசுந்தரம் பிராணி வைத்திருந்தார். பெட்டியின் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு பழைய கைலியைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னே அடுப்பை ஒளித்தார்கள். மேலே அவர் குற்றம், கீழே அவர்கள் குற்றம். பல கூட்டணிகள் இதைவிடப் பலவீனமான அஸ்திவாரத்தில் நின்றிருக்கின்றன.

எல்லோரும் பயந்தது ஒரே ஒருவருக்கு: கேம்ப் பாஸ் செய்கு அலாவுதீன். ராமநாதபுரத்துக்காரர். "என் கண்ணுல படாம இந்தக் கேம்ப்ல ஒரு ஈ பறக்காது" என்பது அவருடைய வாக்கு. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு கிளியை வளர்த்தார்கள். அவர் வருவதைக் கண்டால் எச்சரிக்க வேண்டும் என்று அதற்கு "பாய் வர்றாரு" என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது கடமை தவறவில்லை. அவர் வாசலில் நின்றபோது கட்டிலுக்கடியிலிருந்து மணி மணியாகச் சொன்னது. அன்று மாலையே கிளி குடும்பக் குடியிருப்புக்கு இடம் மாறியது. பெட்டி பிடிபட்டால் அதற்கும் அதே கதிதான். ஆனால் கிளியைப் போல எங்கே கொடுத்தாலும் பிழைக்கிற ஜென்மங்களா இவை? ஏசித் தண்ணீர் தூவ யார் இருப்பார்கள்?

அந்த மாதம் வேறொரு கவலையும் சேர்ந்தது. பெட்டையின் வயிறு நன்றாகப் பருத்து, திடீரென ஒருநாள் ஒட்டிப்போயிருந்தது. முட்டையிட்டிருக்குமோ என்று கரண்டியால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. சீக்கு என்று முடிவு செய்தார். வாரக்கணக்கில் அதற்கு மட்டும் தனியாக ஈ பிடித்துப் போட்டார்.

இப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் அலாவுதீன் வந்து நின்றார்.

கட்டிலடி பார்த்தார். அலமாரி பார்த்தார். பெட்டிக்கு முன்னால் வந்தார்.

"இது என்னப்பா?"

"செடிங்க பாய்" என்று பழனிச்சாமி முந்திக்கொண்டான். "அண்ணனுக்கு ஊர் ஞாபகம் வந்துருமுங்க."

அலாவுதீன் குனிந்து, மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். நிமிர்ந்தார். "நல்லாத்தான் இருக்கு. செடிக்குத் தடையில்ல. ஒண்ணுமில்ல, கலாஸ், முடிஞ்சுது."

லிஜோ மூச்சு விட்டான். அவர் வாசலை நோக்கித் திரும்பிவிட்டார். பெட்டி பிழைத்துவிட்டது. அடுப்பும் பிழைத்துவிட்டது. தேவசுந்தரம் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்பது ஒன்றுதான். அதைத்தான் அவரால் செய்ய முடியவில்லை. ஊர் உலகமெல்லாம் 'ஒன்றுமில்லை' என்றது போக, ஈ பறந்தாலும் பார்க்கிற மனுஷனும் அதையே சொன்னால்?

"இருக்கு பாய்" என்றார்.

பழனிச்சாமி கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன இருக்கு?"

"பச்சோந்தி. நாலு உருப்படி. உங்க மூக்குக்கு நேரா ஒண்ணு நிக்குது."

அலாவுதீன் திரும்பி வந்தார். இப்போது அவர் முகத்தில் இருந்தது சட்டமல்ல, ரோஷம். "எம் மூக்குக்கு நேரா நின்னு நான் பாக்கலங்குறியா?"

"ஆமாக்கும்."

"காட்டாத. நானே பாக்குறேன்."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தரையில் மண்டியிட்டார். அவர் முழங்கால் கைலியில் உரசியதும் லிஜோவுக்கு வேர்த்தது. சேதி எப்படியோ பரவி, வாசலில் பத்துப் பதினைந்து தலைகள் சேர்ந்துவிட்டன. "பாய், அந்த மேல் இலை." "அது இலைதான்டா." "அந்தக் குச்சி?" "ஏய், ஒளி மறைக்காத, தள்ளு!" நேரம் போனது. மெஸ்ஸில் பிரியாணி ஆறியது. யாரும் அசையவில்லை. தேவசுந்தரம் கைகட்டி நின்றார். அவர் பெட்டியை இத்தனை பேர் இத்தனை நேரம் பார்த்ததேயில்லை. வரப்போகும் ஆபத்து தெரிந்தும் அவர் மார்பு தானாக நிமிர்ந்துகொண்டது.

"அல்லாவே!" என்றார் அலாவுதீன். சத்தமாக அல்ல, மெதுவாக. "ஏலக்காய்க்குக் கால் முளைச்சிருக்கு."

"ஏலக்காயா? அவ்வளவு சின்னது எங்கிட்ட இல்லியே பாய்."

"பாசி ஓரத்துல பாருய்யா. நடக்குது."

தேவசுந்தரம் அவர் பக்கத்தில் மண்டியிட்டார். பெரணித் தண்டின் அடியில், ஏலக்காய் அளவில், கால் விரல் முதல் கண் இமை வரை எல்லாம் சரியாக அமைந்த ஒரு பச்சோந்தி, ஒரு அடி எடுத்து வைப்பதும் யோசிப்பதுமாக வந்துகொண்டிருந்தது. இரண்டு கண்களும் இரண்டு திசையில் உருண்டு, ஒன்று தேவசுந்தரத்தின் மேலும் மற்றொன்று கேம்ப் பாஸ் மேலும் நின்றன.

சீக்கு இல்லை. முட்டை. கரண்டிக்குத் தப்பிய முட்டை. ஆப்பிரிக்காவில் பொரிய வேண்டியது, ருவைஸில், நம்மூர் நார்த்தூளில், ஏசித் தண்ணீரில் பொரிந்திருக்கிறது.

"எங்கிட்ட பிறந்திருக்கு பாய்" என்றார்.

"ஆனா மொதல்ல பாத்தது நான்" என்றார் அலாவுதீன்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பார்த்துவிட்டார். பார்த்தது பிராணி. பிராணி என்றால் இன்றைக்கே வெளியே போக வேண்டும். பார்க்கவில்லை என்றால் பெட்டி தங்கும். ஆனால் வாசலில் நிற்கும் இத்தனை பேர் முன்னால் அவர் கண்ணின் மானம் போகும். கேம்ப் பாஸாக வந்த நாள் முதல் அவருக்கு இப்படி ஒரு இக்கட்டு வந்ததில்லை. குட்டியைப் பார்த்தார். தேவசுந்தரத்தைப் பார்த்தார். அவர் கெஞ்சவில்லை, அவர் இன்னும் குட்டியிடமிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

அலாவுதீன் எழுந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டார். கூட்டத்துக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "செடிதான். மாஃபி. வேற ஒண்ணும் எங் கண்ணுல படல."

வாசலில் யாரோ சிரித்தார்கள். "பாய் கண்ணுக்கே தப்பிருச்சா?" என்றது ஒரு குரல்.

அடுத்த கணம் அவர் குனிந்து, ஒரே இழுப்பில் கைலியை விலக்கினார். கரண்ட் அடுப்பு, மேலே நேற்றைய மீன்குழம்புச் சட்டியோடு, பளபளவென்று நின்றது.

"செடிக்கு எதுக்குய்யா அடுப்பு?" என்றார். "எங் கண்ணுல படாம இந்தக் கேம்ப்ல ஒரு ஈ பறக்குமா?"

அடுப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கௌரவம் குறையாமல் வெளியேறினார். போகிறபோக்கில் தேவசுந்தரத்தின் காதருகே குனிந்து, "ஒண்ணுதான் பொரிச்சிருக்கும்னு நெனைக்காத. நல்லாத் தேடு" என்றார்.

கூட்டம் கலைந்ததும் பழனிச்சாமி வெடித்தான். "உங்க ஓணானுக்கு எங்க அடுப்பப் பலி குடுத்துப்போட்டீங்களேண்ணா! கம்முனு நின்னிருந்தா என்னங்ண்ணா?"

தேவசுந்தரம் பாசி ஓரத்தில் மூன்றாவது குட்டியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் போன் கார்டைச் சுரண்டி ஊருக்கு அடித்தார். "செல்வி, குஞ்சு பொரிச்சிருக்கு கேட்டியா. கேம்ப் பாஸே முட்டுக்குத்தி நின்னு பாத்தாரு."

"அதிகாரியா?" என்றாள் அருள்செல்வி. "அவரு கண்ணுக்குத் தெரிஞ்சுதா? எதுக்கும் அந்தப் போட்டோவ இன்னொருக்க பாக்குதேன்."

அதன் பிறகு மாதா மாதம் சோதனை நடந்தது. பெட்டி இருந்த அறையில் மட்டும் சோதனை கொஞ்சம் நீளமாக, கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. அடுப்பு திரும்பி வரவில்லை. பழனிச்சாமியும் லிஜோவும் மெஸ் சாம்பாரைத் தின்று நாளைக் கடத்தினார்கள். பழனிச்சாமி வாரக்கணக்கில் தேவசுந்தரத்தோடு சரியாகப் பேசவில்லை.

யான்பு பக்கம் வேலை பார்த்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்த ஒரு புது ஆள், ஒருநாள் அறைக்குள் எட்டிப் பார்த்தான். பெட்டி முன்னால் குனிந்தான். கண்ணாடியைத் தட்டினான். தேவசுந்தரம் டூட்டியில் இருந்தார். கட்டிலில் படுத்திருந்த பழனிச்சாமி தலையைத் தூக்கினான்.

"என்னங்க இது, உள்ள ஒண்ணுமே இல்ல?" என்றான் புது ஆள்.

பழனிச்சாமி எழுந்து உட்கார்ந்தான்.

"ஏனுங், நல்லாப் பாத்துப்போட்டுச் சொல்லுங்க. எங்க அடுப்பக் குடுத்துக் காப்பாத்துன பெட்டிங்க இது. ஒண்ணுமில்லையாமா!"