டேஷ்போர்டுக்கு அடியில் ஒன்றரை மணி நேரம்

மூன்று மாதமாக என் மனைவி எங்கள் காரில் ஏறினால் தும்முகிறாள், இறங்கினால் தும்மல் நின்றுவிடுகிறது. அந்தக் காரில் எப்போதும் கூடவே இருக்கும் பொருள் நான் ஒருவன்தான். அதனால் டாக்டர் ‘தூசி அலர்ஜி’ என்று எழுதிக்கொடுத்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது.

வாரத்தில் இரண்டு நாள் அவள் கோபாலபுரத்தில் ஒரு வீட்டில் பாட்டு வகுப்பு எடுக்கிறாள். கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது, ஓய்வு பெற்ற எனக்கு மிச்சமிருக்கும் ஒரே உத்தியோகம். மயிலாப்பூரிலிருந்து கிளம்பி ராயப்பேட்டை நெரிசலில் ஊர்ந்துபோகும் அந்த அரைமணி நேரம்தான் டிவி, போன், குக்கர் விசில் எதுவும் இல்லாமல் நாங்கள் பேசிக்கொள்வது. பேசிக்கொள்வது என்றால் அவள் பேசுவாள், நான் பிரேக் போடுவேன்.

ஒருநாள் சொல்லிவிட்டாள்.

“ஏன்னா, இனிமே நான் ஆட்டோல போயிக்கறேன். பாட்டு சொல்லிக்கொடுக்கப் போறவ தும்மிண்டே உள்ள நுழைஞ்சா, குழந்தைகள் அதையும் சுருதி பிசகாம திருப்பித் தும்மறதுகள்.”

கெஞ்சியதில் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. வியாழக்கிழமை ஒரே ஒரு தடவை ஏறிப் பார்ப்பாள். தும்மல் வந்தால் அதோடு சரி.

சர்வீஸில் விட்டால் பத்து நாள் ஆகும் என்றார்கள். ஏசி காற்று உள்ளே வரும் வழியில் ஒரு பில்டர் இருக்கிறது, அதை வீட்டிலேயே மாற்றலாம் என்று போனில் ஒரு வீடியோ சொன்னது. அதில் ஒரு பையன், சட்டை கசங்காமல், இரண்டே நிமிடத்தில் மாற்றிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் போனேன்.

இடது பக்க டேஷ்போர்டு பெட்டியை இரண்டு பக்கமும் உள்ளே அழுத்தினால் கழன்றுவிடும் என்பது வீடியோவின் வாக்கு. என் பெட்டி கேட்கவில்லை. தலை டேஷ்போர்டுக்கு அடியில், கால் இரண்டும் கதவுக்கு வெளியே, இடுப்பு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. காய்ந்த துணியை எடுக்க வந்த இரண்டாவது மாடிப் பெண் குனிந்து பார்த்தாள்.

“என்ன மாமா, வண்டிக்கு நமஸ்காரமா?”

“ஆமாம்மா. இன்னும் எழுந்திருன்னு அது சொல்லல.”

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பெட்டி கழன்று என் மூக்கில் விழுந்தது. பின்னாலிருந்த மூடியை நெம்பி பில்டரை இழுத்தேன். வீடியோவில் வந்தது கறுப்பாக இருந்தது. என்னுடையதின் மடிப்பெல்லாம் வெள்ளைச் சாம்பல் நிறம். மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்களே, அந்த சிமென்ட் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் இப்போது கால் சுளுக்கினால்கூடப் பழி அதன்மேல்தான். அளவு காட்ட அதையே பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, முதுகைப் பிடித்தபடி ராயப்பேட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்கார பாய் பில்டரை வாங்கிக் கல்லாவில் ஒரு தட்டு தட்டினார். புகை மாதிரிக் கிளம்பியது.

“இன்னா சார் இது, சுடுகாட்டாண்ட வண்டிய நிறுத்திக்கினு கீறீங்களா?”

“சிமென்ட்டா இருக்கும் பாய்.”

அவர் விரலால் தொட்டு முகர்ந்தார். என் மூக்குக்கு நேரே நீட்டினார். “சிமென்ட்டு இவ்ளோ வாசனையாவா கீது?”

கோயில் வாசனை அடித்தது.

“முன்கண்ணாடிக்குக் கீழ வலை மாதிரி கறுப்பு ஜாலி ஒண்ணு கீதுல்ல, அங்கேர்ந்துதான் காத்து உள்ள போவும். அதுல எவனோ கொட்டிக்கினு கீறான் சார். எவன்னு பாருங்க.”

எவன் என்று பார்க்க நான் எங்கும் போகவேண்டியிருக்கவில்லை.

தினமும் பீச்சில் நடந்துவிட்டு அப்படியே காரில் கோயிலுக்குப் போவேன். அர்ச்சகர் கை நிறைய விபூதி கொடுப்பார். நெற்றிக்குப் போக மீதியைக் காலில் மிதிபடுகிற இடத்தில் போடக்கூடாது, அதனால் எல்லோரையும்போலத் தூணில் வைத்துவிட்டு வருவேன். மூன்று மாதத்துக்கு முன் அங்கே ‘தூணில் விபூதி கொட்டாதீர்’ என்று ஒரு போர்டு வைத்தார்கள். மற்றவர்கள் போர்டுக்குக் கீழேயே கொட்டினார்கள். போர்டை மதித்த ஒரே பக்தன் நான். மீதியைக் கைக்குள் மூடியபடி கார்வரை வந்து, யார் காலும் படாத இடமாகத் தேடி, கண்ணாடிக்குக் கீழே அந்தக் கறுப்பு ஜாலியில் போட்டுவந்தேன். தவறாமல், தினமும்.

புது பில்டரோடு வீட்டுக்கு வந்து ஜாலியை ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்தேன். பில்டரை மாட்டினேன். மாட்டிய பிறகுதான் அதில் ஒரு அம்புக்குறி இருப்பதும், அது கீழே பார்க்கவேண்டும் என்பதும், என்னுடையது வானத்தைப் பார்க்கிறது என்பதும் தெரிந்தது. மறுபடி தலை உள்ளே, கால் வெளியே. அன்று ராத்திரி சாதம் பிசையக்கூடக் கை வரவில்லை.

வியாழக்கிழமை அவள் கைக்குட்டையை மடியில் தயாராக வைத்துக்கொண்டு ஏறினாள். மாடவீதி தாண்டியது. தும்மல் இல்லை. ராயப்பேட்டை சிக்னல் வந்தது. அப்போதும் இல்லை. அப்படியே வாயை மூடிக்கொண்டு ஜெயித்திருக்கலாம். களைத்துப்போனவனுக்கு ரகசியத்தைத் தூக்கிச் சுமக்கவும் தெம்பு இருப்பதில்லை. சிக்னல் பச்சையாவதற்குள் முழுவதையும் சொல்லிவிட்டேன்.

“அப்போ மூணு மாசமா நான் முழுங்கின மாத்திரை?”

“என் பக்திக்கு.”

“போர்டு வெச்சா அதைக் கோயிலோட விட்டுட்டு வரணும். ஊரே விட்டுடுத்து. நீங்க மட்டும் அதை ஆத்துக்காரி மூக்கு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கேள்.”

கோபாலபுரத்தில் இறங்கினாள். கதவை வழக்கத்தைவிட அழுத்திச் சாத்தினாள்.

வகுப்பு முடியும் நேரத்துக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்திக் காத்திருந்தேன். அந்த வீட்டு வாசலிலேயே ஓர் ஆட்டோ வந்து நின்றது. அவள் வெளியே வந்தாள். நேரே ஆட்டோவுக்குப் பக்கத்தில் போனாள், குனிந்து ஏதோ பேசினாள். நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

இடதுபக்கக் கதவு திறந்தது. ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள்.

“அந்த ஆட்டோக்காரர்கிட்ட என்ன கேட்டே?”

“நம்பர் வாங்கி வெச்சுண்டேன். நீங்க நாளைக்கும் கோயிலுக்குப் போவேளே?”

காரைக் கிளப்பினேன்.