சீமை எலிக்குப் போட்ட மலைப்பூ

"உமியா போட்டிருக்க? எடுத்துடும்மே, இப்பவே எடுத்துடு. கண்ணுல குத்தும், மூக்குல ஏறும். மரத்தூளும் வேணாம். வாசனையா கீதேன்னு எதயும் கொட்டாத, அந்த வாசனயே அதுங்க நெஞ்ச அடச்சிடும். காஞ்ச அறுகம்புல்லு போடு. என்ன ஒரு வார்த்த கேக்காம இன்னாத்துக்கு கடக்காரன கேட்ட?"

பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள். அவள் மகளுக்கு யாரோ இரண்டு சீமை எலி, அந்தப் பிள்ளை கினி பிக் என்று சொல்வது, வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஆடு மாடுன்னா சரி ஆயா. இது ஒனக்கு எப்டி தெரியும்?"

தெரியும். எனக்கு எழுத்து தெரியாது, ரயிலில் ஊர்ப் பேர் படிக்கத் தெரியாது. சீமை எலிக்குக் கீழே எதைப் பரப்ப வேண்டும் என்பது தெரியும். அதைத் தெரிந்துகொண்டதில் ஒரு உயிர் போயிற்று.

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சனங்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கிய வருஷம் அது. அரக்கோணத்தில் நிற்க இடமில்லை, திருத்தணியில் மாட்டுக் கொட்டகைகூட வாடகைக்குப் போயிற்று என்று பேசிக்கொண்டார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் வீடு. புருஷன், மாமியார், நான், கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. கொல்லைப்பக்க அறையைப் பட்டணத்து அம்மா ஒருத்திக்கு விட்டோம்.

அவள் ஒரு டிரங்குப் பெட்டியும் கம்பி வலை அடித்த ஒரு மரப்பெட்டியுமாக வந்து இறங்கினாள். தெருவே அந்த மரப்பெட்டியைத்தான் பார்த்தது.

"பண்டம் பாத்திரத்த உட்டுட்டு எலியத் தூக்கிக்கினு வந்துகீறா பாரு," என்றாள் மாமியார். என் மாமியாருக்குத் தெலுங்கும் தமிழும் ஒரே வாய். கோபம் ஏறினால் தெலுங்கு வரும், அன்றைக்குத் தமிழோடு நின்றது.

நான் போய் எட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு பிராணியை நான் கண்டதில்லை. வால் கிடையாது. காது வெற்றிலைக் கொழுந்து மாதிரி. ஒன்று செம்பட்டையும் வெள்ளையுமாக, அது ஆண். இன்னொன்று முழுக் கறுப்பு, அது பெண். என் வளையல் சத்தம் கேட்டதும் இரண்டும் விசில் ஊதின. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றிலிருந்து எந்த வேலை செய்தாலும் கை அந்தப் பெட்டிப் பக்கம்தான் போகும். மாடு பால் தரும், ஆடு குட்டி தரும். இதுகள் ஒன்றும் தராது, என்னைக் கண்டால் கத்தும், அவ்வளவுதான். அதற்கே நான் அடிமையாகிவிட்டேன்.

எலி எப்படி வந்தது என்பதை அந்த அம்மா ஒரு மாசம் கழித்துத்தான் சொன்னாள். அவள் புருஷனுக்குப் பட்டணத்தில் மருந்து தயாரிக்கிற இடத்தில் வேலை. மருந்தைச் சோதித்துப் பார்க்க அங்கே இந்த எலிகளைக் கூண்டு கூண்டாக வளர்ப்பார்களாம். மகள் கேட்டாள் என்று இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எட்டு வயசுப் பெண். அந்தத் தை மாசம் காய்ச்சலில் போய்விட்டாள்.

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பெட்டியில் நனைந்த புல்லை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் அதற்கப்புறம் யாரும் எலி என்று கிண்டல் பேசவில்லை.

ஆனியில் அவள் புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்து சொன்னான். அவள் பட்டணம் போக வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்ட ரயிலில் ஏற முடியாது.

"ஒரு காயிதத்துல எழுதித் தரட்டுமா?" என்று என்னைக் கேட்டாள்.

"எனக்கு எழுத்து தெரியாதுக்கா. வாயால சொல்லு, மனசுல வெச்சுக்கறேன்."

சொன்னாள். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அறுகம்புல்லை வெயிலில் மொறமொறவென்று காயவைத்து நாலு விரல் உயரம் பரப்ப வேண்டும். தினமும் நனைந்ததை எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். ஈரப் புல்லில் உட்கார்ந்தால் சளி பிடித்துச் செத்துப்போகும். தவிடு மட்டும் போட்டால் ஈறில் ரத்தம் வரும், அதனால் தினம் பச்சையாகக் கொத்தமல்லியோ கொய்யா இலையோ கொடுக்க வேண்டும். நான் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். வாசலில் நின்று இன்னொரு தடவை ஒப்பிக்கச் சொல்லிவிட்டுத்தான் ரயிலுக்குப் போனாள்.

பதினைந்து நாள் நன்றாகவே பார்த்தேன். மணவூரிலிருந்து வந்த என் சின்ன மாமனார், மாட்டுக்கு இல்லாத புல்லா என்று கேட்டுவிட்டு, மறுநாள் அவரே ஒரு கட்டு அறுத்துவந்து போட்டார். அவர் அப்படித்தான், வாய் ஒன்று பேசும், கை வேறு செய்யும்.

அப்புறம் ஆடி பிறந்து தூறல் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் வெயில் இல்லை. காயப்போட்ட புல்லில் பூஞ்சை நாற்றம். அதே நேரத்தில் கறுப்பு மந்தமாகிவிட்டது. வயிறு ஊதி, மூலையை விட்டு நகராமல், தழை போட்டாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அந்த அம்மா வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்?

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊரே பூக்காவடி. மலைமேலிருந்து மாமியார் கூடை நிறைய சாமிக்குச் சாத்திக் களைந்த மாலைகளைக் கொண்டுவந்தாள். படிக்கட்டு மண்டபத்தில் வைத்திருந்ததால் அவை நனையவில்லை. ஈரமில்லாத படுக்கை, அதுவும் சாமி பூ. நோய்பட்டதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

மாமியார் தடுத்தாள். "சாமி பூவ எலி மிதிக்கலாமாடி? கண்ணு அவிஞ்சிடும்."

"எலி யாரு அத்த? புள்ளயாரு வாகனம். அண்ணன் வாகனத்துக்குத் தம்பி பூவு. முருகரு கோச்சுக்குவாரா?"

அவள் யோசித்தாள். சிரித்துவிட்டாள். "நாக்கப் பாரு இவளுக்கு," என்று சொல்லி அவளே கூடையைக் கவிழ்த்து உதறிக் கொடுத்தாள். பெட்டி முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் பரப்பினேன். கற்பூர வாசனை வந்தது. இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன்.

அந்தச் சிவப்பு முழுக்க அரளி.

அரளி விஷம் என்று எனக்குத் தெரியாதா? வேலியோரம் நிற்கிற அரளியை ஆடு வாய் வைக்காது. நிலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனால் வேலியில் நின்றால்தான் அதை அரளி என்று பார்த்தேன். மலையிலிருந்து இறங்கி வந்ததை அப்படிப் பார்க்கத் தோன்றவில்லை. சாமிக்குச் சாத்தியது கெடுதல் செய்யும் என்று எங்கள் வீட்டில் யாருக்குமே தோன்றவில்லை.

காலையில் போய்ப் பார்த்தபோது செம்பட்டை காலை நீட்டிக்கொண்டு கிடந்தது. வாயோரம் ஒரு பூவிதழ். கறுப்பு தன் மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. சாப்பிட மனமில்லாததால் அது பிழைத்தது. பூவை எல்லாம் அள்ளி எறிந்தேன். என் பழைய புடவை ஒன்றைக் கிழித்து, அடுப்போரம் சூடு காட்டிப் பெட்டியில் விரித்தேன். செத்ததைக் கொல்லையில் புங்கமரத்தடியில் புதைத்தேன்.

"பூன தூக்கிக்கினு போச்சுன்னு சொல்லிடு," என்றாள் மாமியார். "எவ பாத்தா? சாமி பூவால செத்துச்சுன்னு சொன்னா ஊரு நம்மளத்தான் பேசும்."

எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. நாலு நாள் பூனைக் கதையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். எந்தப் பூனை, எந்த வேளை, கதவை யார் திறந்து வைத்தது எல்லாம் கட்டிவிட்டேன்.

ஐந்தாம் நாள், புருஷனுக்கு உடம்பு தேறி, அவள் திரும்பி வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே பெட்டிக்குப் போனாள். குனிந்து பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பூனை என் வாயில் வரவில்லை.

"நான்தாங்க்கா. மலப்பூவ போட்டேன். அரளி இருந்துச்சு. நல்லதுன்னு நெனச்சித்தான் போட்டேன்."

"எங்க பொதச்ச?"

காட்டினேன். மரத்தடியில் ரொம்ப நேரம் நின்றாள். தூறல் விழுந்துகொண்டே இருந்தது.

"அதுக்கு மட்டுந்தான் அவ பேரு வெச்சா," என்றாள். "கறுப்புக்கு நாளிக்கு வெக்கறேன் நாளிக்கு வெக்கறேன்னு சொல்லிக்கினே இருந்தா. அதுக்குள்ள காச்சல் வந்துடுச்சி."

திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் கதவுக்கு முன்னால் காய்ந்த புல்லை வைத்துவிட்டு வருவேன். புல் உள்ளே போகும், பேச்சு வெளியே வராது.

ஒன்பதாம் நாள் விடிந்ததும் கூப்பிட்டாள். "இங்க வா."

பெட்டியில் கறுப்பின் பக்கத்தில் மூன்று குட்டி. பிறந்த நாளே கண் திறந்து, உடம்பெல்லாம் மயிர் முளைத்து, பெரிசுகளைப் போலவே நடந்தன. நான் நோய் என்று நினைத்தது சூல். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"புல்லு கொண்டா," என்றாள்.

ஓடிப்போய்க் கூடையோடு வந்தேன். அவள் என் கையிலிருந்து ஒவ்வொரு பிடியாக வாங்கி, வெளிச்சத்தில் பிரித்து, ஒவ்வொரு தாளையும் தடவிப் பார்த்துத்தான் போட்டாள். அன்றைக்கு மட்டுமில்லை. பொங்கல் கழித்து அவள் பட்டணம் திரும்பிப் போகும் வரைக்கும் தினமும் அப்படித்தான்.

ஒரு நாள் சொன்னேன், "நான் பாத்துட்டுத்தாங்க்கா கொண்டாந்தேன்."

"பாத்திருப்ப. நானும் பாக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள். ஆனால் புல்லை மட்டும் என் கையை நம்பி ஒரு நாளும் போடவில்லை. நானும் கூடையைப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்து முடிக்கும் வரை நிற்பேன்.

"போவும்போது ஒரு குட்டி கூட ஒனக்குத் தரலியா ஆயா?" என்று, சுவரோரம் நின்று இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

"தரல. நானும் கேக்கல. நீ மொதல்ல அந்த உமிய... ஐயோ, அடுப்புல கஞ்சி பொங்குது பாரு, இரு இரு, எறக்கி வெச்சிட்டு வரேன்."