கூட்டுப்புழுவுக்குள் இன்னொரு கூட்டுப்புழு

வசந்தா டீச்சர் போய்விட்டார் என்று அவர் கணவர் மாணிக்கம் தொலைபேசியில் சொன்னபோது, நான் அரூர் பேருந்து நிலையத்தில் சேலம் வண்டிக்காக நின்றிருந்தேன். மருத்துவமனையில் இருந்த அவரைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். "அவசரப்படாம வாங்க சார். தூக்கத்துலயே போயிட்டா" என்றார். வண்டியில் கண்ணை மூடினால், வெள்ளை மாவுக்குள் மெல்ல நெளியும் புழுக்களே தெரிந்தன.

எங்கள் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தப் புழுக்களைத் தெரியும். ஓய்வு பெறும் வயதில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது, வீட்டு மாவில் வரும் சிவப்பு வண்டு. புழு கூட்டுப்புழுவாகி, பிறகு வண்டாவதை எந்த மரபணு நடத்துகிறது என்பது கேள்வி. இயற்பியல் வாத்தியாரான எனக்குப் பள்ளிக்கூடத்தை வைத்தே விளக்கினார்.

"மூணு வாத்தியாருங்க சார். ஒருத்தர் புழுவாவே வெச்சிருப்பாரு. அடுத்தவரு கூட்டுப்புழுவா ஆக்குவாரு. மூணாமவரு வண்டாக்கி வெளிய அனுப்புவாரு. அந்த மூணாமவருக்கு நான் லீவு குடுக்கறேன்."

லீவு என்றது, புழுவுக்குப் போடும் நுண்ணிய ஊசியை. அந்த ஒரு மரபணுவை மட்டும் அது அடக்கி வைக்கும்.

ஒரு பொங்கல் விடுமுறையில் பல்கலைக்கழக ஆய்வகம் பூட்டியிருந்ததால், டப்பாக்களை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்த மாணிக்கம், ஊசி போட்ட புழுக்கள் இருந்த டப்பாவைத் திறந்து பார்த்து, மாவு கெட்டுவிட்டது என்று வேப்பிலையைக் கசக்கிக் கலந்து வைத்துவிட்டார். அதில் ஒன்றுகூட வண்டாகவில்லை. ஊசி போடாத டப்பாவில் எல்லாம் வண்டாகிவிட்டன.

அடுத்து நான் போனபோது வீட்டில் அந்தப் பேச்சுதான்.

"நீ நெனச்சதுதான நடந்துச்சு? எழுதிடும்மா. வேப்பிலைய நான் யாருகிட்டயும் சொல்லப்போறதில்ல" என்றார் மாணிக்கம்.

"வேப்பிலையும் புழுவ உருமாற விடாதுங்க. நின்னது என் ஊசியாலயா, உங்க இலையாலயா? எனக்கே தெரியாததை எப்படி எழுதறது?"

"கொட்டாம வெச்சேனே, அதுக்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா?"

டீச்சர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அவருக்கு நோய் இருப்பது அதற்குள் தெரிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்க உடம்பு இடம் கொடுக்குமா என்று மருத்துவரும் உறுதி சொல்லவில்லை. ஆனாலும் தொடங்கினார். சிகிச்சைக்குப் போன நாளிலும் ஆய்வகத்தில் எட்டிப் பார்த்துவிட்டே வந்தார்.

ஒரு பிற்பகலில் எங்கள் இருவரையும் அங்கே வரச் சொன்னார். ஜன்னல் வெளிச்சம் மேசையில் பால்போலப் படர்ந்திருந்தது. லென்சின் கீழே கூட்டுப்புழுவின் முதுகுத்தோல் பிளந்து, நத்தை வேகத்தில் விலகியது. வர வேண்டியது வண்டு. வந்ததோ வெளிறிய, ஈரமான, இன்னொரு கூட்டுப்புழு. ஒரு கனவிலிருந்து விழித்து மற்றொரு கனவுக்குள் போவதைப்போல அது அசைவற்றுக் கிடந்தது.

"உள்ளாரயும் அதேதான் இருக்குது" என்றார் மாணிக்கம், குரலைத் தாழ்த்தி. இந்த முறை மாவில் வேறெதுவும் கலந்திருக்கவில்லை.

டீச்சர் எதுவும் விளக்கவில்லை. நாங்கள் பார்த்து முடிக்கட்டும் என்று ஒதுங்கி நின்றார்.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார். வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிப்பதற்குள் போய்விட்டார்.

மணி அடிப்பதற்குள் சொல்லி முடித்தே பழகியவன் நான். இப்போது பேரப்பிள்ளைகள் எதையாவது குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், வாய்வரை வந்த விளக்கத்தை நிறுத்திக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். அப்படி நிற்பது வசந்தா டீச்சர் எனக்கு விட்டுப்போனது.