ஜாமுக்குப் பயந்து அணைத்த லேப்டாப்

போன சனிக்கிழமை காலை என் லேப்டாப் மக்கர் செய்தது. கல்யாண கார்டு வடிவமைக்கும் மென்பொருளைத் தட்டுகிறேன், தட்டுகிறேன் — திறக்கவே இல்லை.

சிங்கப்பூர் எல்லைக்கு அருகே, மலேசியாவின் ஸ்கூடாயில் வீட்டிலிருந்தபடி கார்டு டிசைன் செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா மகளுக்குக் கல்யாணம். மதியத்துக்குள் பொந்தியான் ஊரில் இருக்கும் அச்சகத்துக்கு ஃபைல் போனால்தான் அன்றைக்கே கார்டு கிடைக்கும். மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்ததும் எல்லோருக்கும் கொடுப்பதாக அக்கா சொல்லி வைத்துவிட்டார்...

லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ்; அதற்கு வேண்டியதை எந்த நாட்டு சர்வரிலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். முடியாது என்றது. மறுபடியும் போட்டேன். அதே பிழைச் செய்தி. என் வீட்டுக்காரர் காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஃபார்மட் பண்ணிடலாம் லா."

எதற்கெடுத்தாலும் இதே வைத்தியம்தானா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் அந்தப் பிழைச் செய்தியை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். மென்பொருளுக்குத் துணையாக ஓடும் பேக்கேஜ் புதுசாம். நான் போடப் பார்ப்பது பழசாம். இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் ஓடுமாம்.

புதுசு எங்கிருந்து வந்தது? திரும்பி அவரைப் பார்த்தேன்.

"நேத்து இத சிங்கப்பூருக்கு எடுத்துட்டுப் போனீங்கள்ல... என்ன செஞ்சீங்க?"

இழுத்து இழுத்துச் சொன்னார். வேலை இடத்தில் நெட் வேகமாக இருக்கிறதே என்று சிங்கப்பூர் சர்வரிலிருந்து அப்டேட் போட்டிருக்கிறார். பாதியில் கம்பெனி பஸ் வந்துவிட்டது. அதை விட்டால், எல்லை தாண்டி வரும் ஜொகூர் பாலத்தில் டிராஃபிக் ஜாம். பட்டென்று அணைத்துப் பையில் போட்டுவிட்டார்! வீட்டுக்கு வந்ததும் மலேசிய சர்வருக்கு மாற்றியும் வைத்திருக்கிறார். புதுப் பதிப்பு இன்னும் இங்கே வந்து சேரவில்லை.

பாதி அங்கே, பாதி இங்கே... எங்கள் ஊர்ப் பிழைப்பே அப்படித்தானே?

சர்வரைத் திரும்பச் சிங்கப்பூருக்கே மாற்றினேன். பாதியில் நின்றதை முடித்துவிட்டு மென்பொருளையும் போடச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். வரிகள் கடகடவென ஓடின. தட்டினேன் — திறந்தது! ஜெயித்துவிட்டேன். எழுந்து ஒரு ஆட்டமே போட்டேன், வெட்கமே இல்லாமல்.

மதியத்துக்கு முன்பே ஃபைல் போய்விட்டது. மறுநாள் பூசை முடிந்து வந்த அக்கா, ஒரு கார்டை எங்கள் வீட்டிலும் சந்தோஷமாக நீட்டினார்.

யோசித்துப் பார்த்தால் கம்ப்யூட்டர் எவ்வளவோ பரவாயில்லை. என்ன கோளாறு என்று அதுவாகவே சொல்லிவிடுகிறது, நாம்தான் படிப்பதில்லை.

வீட்டுக்காரரிடம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது!