சொலாஞ்ச் எந்த மதம்?

போன ஞாயிற்றுக்கிழமை நைனார்பாளையத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிரே மளிகைக் கடை வாசலில் ஓர் அம்மா, "ஏ சொலாஞ்சு, இங்க வாடி!" என்று கத்தினார்.

இரண்டு சிறுமிகள் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குத் தலை சுற்றியது. சொலாஞ்ச் என்பது பிரெஞ்சுப் பெயர். பிரான்ஸிலேயே இப்போது குழந்தைக்கு இந்தப் பெயரை வைப்பவர்கள் அபூர்வம். உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு காலத்தில் இந்தப் பெயரோடு மல்லுக்கட்டியவன் நான்!

இந்த ஊரில் எனக்குத் தெரிந்த சொலாஞ்ச் ஒருத்திதான். முருகேசனின் மகள். முருகேசன் கூலி வேலை செய்பவர். கள்ளக்குறிச்சியில் என் வீடு கட்டும்போது பழக்கமானவர். மகள் ப்ளஸ் டூ முடித்த வருஷம், ஒரு நாள் காலையில் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"சார், பாப்பாவுக்கு நர்சிங் சீட் வந்துக்கீது. தாலுக்கா ஆபீசுல சாதி சர்டிபிகேட்டு தரமாட்டேங்கிறாங்க. பேரப் பாத்துட்டு, நீங்க மதம் மாறிட்டீங்களான்னு கேக்குறாங்க. பேருக்கு இன்னா அர்த்தம்னு எழுதியாரச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலேன்னா சீட்டு பூடும் சார்."

மதம் மாறியிருந்தால் சான்றிதழில் இடஒதுக்கீட்டுப் பட்டியலே மாறிவிடும். சீட் கைநழுவிவிடும். ஆனால் முருகேசன் வருஷா வருஷம் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற ஆள்!

"இந்தப் பேரை எங்கேய்யா பிடிச்சீங்க?" என்றேன்.

சொன்னார். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. மனைவி செல்வி பிரசவத்துக்கு எலவனாசூர்கோட்டையில் தாய் வீட்டில் இருந்தார். வலி எடுத்ததும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள். பாதி வழியில் சாலையோரப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். முன்னாலும் மரம், பின்னாலும் மரம். பஸ் அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் மாட்டிக்கொண்ட வேனில், பாண்டிச்சேரியிலிருந்து கரியாலூர் மலைக்கு வைத்தியம் பார்க்கப் போய்க்கொண்டிருந்த பிரான்ஸ் தேசத்து நர்ஸ் ஒருவர்... பஸ்ஸைச் சுற்றிப் புடவை கட்டி மறைத்துப் பிரசவம் பார்த்தவர் அவர்தான். பெயர் சொலாஞ்ச்.

"எங்க தெரு வழக்கம் சார். எந்தக் கையி கொழந்தைய வாங்குதோ, அந்தப் பேருதான் வெப்போம்."

ஆஹா, இவ்வளவுதானே என்று ப்ரௌசிங் சென்டருக்குப் போனேன். பெயருக்கு அர்த்தம் பூ, நிலா என்று ஏதாவது இருக்கும், எழுதிக் கொடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. ஸ்க்ரீனில் வந்ததோ வேறு. லத்தீன் மூலம். அர்த்தம் — பக்தி மிகுந்தவள்! போதாக்குறைக்கு, ஆடு மேய்த்த ஒரு பெண் அந்தப் பெயரில் கிறிஸ்தவப் புனிதராகியிருக்கிறாள். போன நூற்றாண்டின் முற்பாதியில் பிரெஞ்சுக் குடும்பங்களில் பிரபலம்; அப்புறம் மங்கிவிட்டது.

எதை எழுதுவது? எதை விடுவது? உண்மையைச் சொன்னால் பெண்ணின் படிப்பு போச்சு. மறைத்தால் என் மனசு உறுத்தும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். கடைசியில், பெயர் வந்த கதையை மட்டும் எழுதினேன்; அர்த்தத்தை நைசாக விட்டுவிட்டேன். பெருமையான காரியம் இல்லைதான்.

வெள்ளிக்கிழமை. அதிகாரி என் லெட்டரை இரண்டு தடவை படித்தார். "அர்த்தம் எங்க சார்?"

சொலாஞ்ச் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தபோது முருகேசன் முந்திக்கொண்டார். மஞ்சள் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார்.

"எங்க மூத்தவன் பேரப் பாருங்க சார்."

அதிகாரி வாய்விட்டுப் படித்தார். "மு. கம்பவுண்டர்."

"அவன் பொறந்தப்போ கம்பவுண்டர்தாங்க பிரசவம் பாத்தாரு. பேருக்கு அர்த்தம் இருக்குதுதான். ஆனா எம்புள்ள லாரி ஓட்டிக்கினு இருக்கான். ஊசின்னா ஓடிப்பூடுவான். அவன் கம்பவுண்டர் இல்லீங்கன்னா, இவளும் அந்த மதம் இல்லீங்க."

அதிகாரி முதலில் முறைத்தார். அப்புறம் சிரித்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். என் லெட்டர்? அவர் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அந்த அம்மாவிடமே கேட்டேன். "ஏம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"ஆமாங்க. ரெண்டும் எங்க முருகேசன் மவ, நர்சம்மா கையில பொறந்ததுங்க. பின்தெருவுல இன்னும் மூணு கீது."

பஸ் ஏறியதும் முதல் வேலையாக முருகேசனுக்குப் போன் போட்டேன். "அந்தப் பழைய ரேஷன் கார்டைத் தொலைச்சுடாதீங்க. அஞ்சு ஜெராக்ஸ் வேணும்!"